பழைய தீயணைப்பு டிரக்கில் சுழல் சைரன் பொருத்தும் முறை

அமெரிக்கச் சிற்றூர்களின் தன்னார்வத் தீயணைப்புப் படைகளில் உழைத்து ஓய்வுபெற்ற டிரக்குகள் பல, இன்று தனியாரின் கொட்டகைகளில் நிற்கின்றன. அவற்றை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் எஞ்சின், பிரேக், டயர் என்று வேலையைத் தொடங்கி, சிவப்புப் பெயின்டும் அடித்து முடித்த பிறகுதான் சைரனைப் பற்றி நினைக்கிறார்கள். அதற்குள் பழைய சைரனை யாரோ கழற்றி விற்றிருப்பார்கள். மட்கார்டின் அடிப்பக்கத்தில் பட்டி வைத்து மூடிய ஓட்டைகள் மட்டும் மீதியிருக்கும். அத்தகைய ஒரு வண்டிக்கு, அதாவது 1951-ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-6 டிரக் ஒன்றுக்கு, பக்கத்து வீட்டு நண்பருடன் சேர்ந்து நான் சைரன் பொருத்திய அனுபவத்தை வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன். மின்வேலையில் ஓரளவு பழக்கம் உள்ளவர்கள் இரண்டு வார இறுதிகளில் இதைச் செய்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சைரனை ஹாரனின் அண்ணன் என்று நினைப்பவர்கள் ஹாரனுக்கு இழுக்கும் ஒயரையே இதற்கும் இழுத்துவிட்டு, பிறகு சைரன் கெட்டுப்போனது என்று முடிவுகட்டுகிறார்கள். உண்மையில் அது மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் இரண்டாவது ஸ்டார்ட்டர் மோட்டார். கேபிள், சுவிட்ச், எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) ஆகிய மூன்றையும் ஸ்டார்ட்டருக்குச் செய்வதைப் போலவே செய்தால் வேலை ஒரே முறையில் முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். கலிபோர்னியாவின் வாகனச் சட்டத்தில் 27002-ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட அவசர ஊர்தி அல்லாத எந்த வண்டியிலும் சைரனை ஒலிக்கக் கூடாது என்பதோடு நிற்காமல், பொருத்தவே கூடாது என்கிறது. எனவே உங்கள் மாநிலத்தின் விதியையும், வண்டியின் காப்பீட்டு ஒப்பந்தத்தையும் படித்துவிட்டுத்தான் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும். பழைய தீயணைப்பு ஊர்திகளைப் பேணுவோருக்காக 1958-இல் தொடங்கப்பட்ட ஸ்பாம்ஃபா என்ற சங்கத்துக்குப் பல மாநிலங்களில் கிளைகள் உள்ளன. உங்கள் வட்டாரத்தில் அணிவகுப்புகளின்போது எது அனுமதிக்கப்படுகிறது என்பதை அதன் உறுப்பினர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. எங்கே அனுமதி இருந்தாலும், பொதுச் சாலையில் போக்குவரத்தை விலக்குவதற்காகச் சைரனை ஒலிப்பது குற்றம்தான்.

உங்கள் கையில் இருப்பது எந்தச் சைரன்?

சுழல் சைரனின் இயக்கம் எளிமையானது. மோட்டாரின் தண்டில் பூட்டிய சுழலி நடுவழியாகக் காற்றை உறிஞ்சி விளிம்பை நோக்கி வீசுகிறது. விளிம்பில் துளைகள் உள்ளன. அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் வளையத்திலும் துளைகள் உள்ளன. இரண்டு வரிசைத் துளைகளும் நேருக்கு நேர் வரும்போது காற்று பீறிடுகிறது, விலகும்போது அடைபடுகிறது. இந்த வெட்டுதான் ஒலியாகிறது. பத்துத் துளை கொண்ட சுழலி நிமிடத்துக்கு 4,200 முறை சுற்றினால் நொடிக்கு 700 வெட்டுகள், அதாவது 700 ஹெர்ட்ஸ் சுருதி கிடைக்கும். வேகம் பாதியாகக் குறைந்தால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ஆகவே சைரனின் குரலே ஒரு வோல்ட்மீட்டர் என்று சொல்லலாம். இது பின்னால் நமக்கு உதவும். (1819-இல் இந்தக் கருவியைச் செம்மைப்படுத்திய பிரெஞ்சு அறிவியலாளர் காஞார் டி லா தூர், அது தண்ணீருக்குள்ளும் பாடியதால் கிரேக்கப் புராணத்தின் கடல் மோகினிகளின் பெயரை அதற்குச் சூட்டினார். மட்கார்டில் ஏறும் சைரன் தண்ணீரில் பாடாது, துருப்பிடிக்கும்.)

சைரனின் உடலில் திருகப்பட்டிருக்கும் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். முதலில் தேவைப்படுவது வோல்டேஜ். ஃபோர்டு டிரக்குகள் 1955 வரை 6 வோல்ட்டில் ஓடின; அவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சேசிஸில் எர்த் ஆகியிருக்கும். 1956 முதல் 12 வோல்ட்டும் நெகட்டிவ் எர்த்தும் வந்தன. ஷெவர்லே டிரக்குகள் 1955-இன் நடுவில் வந்த புதிய வரிசையில் 12 வோல்ட்டுக்கு மாறின. அதற்கு முந்தைய 6 வோல்ட் வண்டிகளிலும் எர்த் நெகட்டிவ்தான்.

பாசிட்டிவ் எர்த் வண்டி என்றவுடன் சைரன் தலைகீழாகச் சுற்றுமோ என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள். பழைய சைரன்களில் இருப்பது பெரும்பாலும் சீரீஸ் சுற்று மோட்டார்; அதில் அசையாத காந்தச் சுருளும் (ஃபீல்டு) சுழலும் சுருளும் (ஆர்மேச்சர்) ஒரே வரிசையில் இணைந்திருக்கும். முனைகளை மாற்றிக் கொடுத்தால் ஃபீல்டு, ஆர்மேச்சர் இரண்டிலும் மின்னோட்டம் ஒருசேரத் திரும்புவதால் சுற்றும் திசை மாறாது. நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார் மட்டும்தான் திசை மாறும். எனவே எந்த வகை என்று தெரியாதவர்கள் மேசையில் இரண்டு விதமாகவும் ஒரு நொடி கொடுத்துப் பார்த்தால் போதும்.

வோல்டேஜ் பொருந்தாவிட்டால் சமரசம் செய்யாதீர்கள். 6 வோல்ட் சைரனுக்கு 12 வோல்ட் கொடுத்தால் மோட்டார் எரிவது மட்டுமன்று, பல்லாண்டு பழைய வார்ப்பான சுழலி அளவுக்கு மீறிய வேகத்தில் உடைந்து சிதறலாம். 12 வோல்ட் சைரனை 6 வோல்ட் வண்டியில் வைத்தால் ஆபத்தில்லை, ஆனால் அது வயிற்றுவலி வந்த எருமையைப் போல முனகும். அத்தகைய நிலையில் சைரனுக்கென்றே தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியை வைத்து, அதை வீட்டில் சார்ஜ் செய்துகொள்வதே ஒழுங்கான வழி. வண்டியில் எந்த முனை எர்த்தோ, அந்தப் பேட்டரியிலும் அதே முனையை எர்த் ஆக்கினால் பின்னாளில் திறந்து பார்ப்பவருக்குக் குழப்பம் இருக்காது.

அடுத்தது ஆம்பியர். தீயணைப்பு வண்டிகளில் புகழ்பெற்ற ஃபெடரல் க்யூ2பி சைரன் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 100 ஆம்பியர் இழுக்கும். 3 மீட்டர் தொலைவில் 123 டெசிபெல் ஒலிக்கும். அதே ஆற்றலை 6 வோல்ட்டில் பெற 200 ஆம்பியர் தேவை. மட்கார்டில் வைக்கும் சிறிய சைரன்கள் இதைவிடக் குறைவாகவே இழுக்கும் என்றாலும், நின்ற நிலையிலிருந்து கிளம்பும் முதல் நொடியில் அவையும் ஓட்ட அளவைப் போலப் பல மடங்கு கேட்கும். தகடு இல்லாத சைரனை டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரால் அளந்துகொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்துக்கான மலிவான கிளாம்ப் மீட்டர் ஏசியை மட்டுமே அளக்கும், அது இங்கே பயன்படாது.

திறந்து சுத்தம் செய்தல்

வாங்கிய சைரனை ஆவல் தாங்காமல் உடனே பேட்டரியில் தொடுத்துப் பார்க்கக் கூடாது. எங்கள் சைரனின் முன்பக்கக் கிரில்லைக் கழற்றியபோது, உள்ளே சுழலியின் இரண்டு இறகுகளுக்கு நடுவே மண்ணால் கட்டிய குளவிக்கூடு ஒன்று கட்டைவிரல் பருமனில் உட்கார்ந்திருந்தது. வெளியிலிருந்து டார்ச் அடித்தபோது அது தெரியவில்லை. அப்படியே சுற்றவிட்டிருந்தால் ஒருபக்க எடையால் சுழலி உதறி, வளையத்தில் உரசி, இரண்டில் ஒன்று விரிசல் விட்டிருக்கும்.

கிரில்லை எடுத்தபின் சுழலியைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். உரசும் ஓசையே கேட்கக் கூடாது. சுழலிக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி மிகக் குறுகலானது. அது ஒருபக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். தண்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து ஆட்டம் இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். சில பெரிய சைரன்களில் மோட்டாருக்கும் சுழலிக்கும் நடுவே கிளட்ச் உண்டு. அதில் மோட்டார் நின்ற பிறகும் சுழலி தன் போக்கில் ஓடும் என்பதால், ஒரு திசையில் தனியாகச் சுற்றுவதைப் பார்த்து ஏதோ முறிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

மோட்டாரின் பின்மூடியைத் திறந்தால் கார்பன் பிரஷ்கள் தெரியும். அவை தம் கூட்டுக்குள் தடையின்றி வழுக்க வேண்டும், ஸ்பிரிங் அவற்றை, தண்டோடு சுற்றும் செப்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரின் மேல் உறுதியாக அழுத்த வேண்டும். கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் மிக நைஸான உப்புத்தாளால் லேசாகத் துடைக்கலாம். எமரித் தாள் வேண்டாம். அதன் துகள் செப்புப் பட்டைகளின் இடையே சிக்கினால் மின்சாரம் குறுக்கே பாயும். பட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களை மரக்குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்து மெழுகாகிப்போன கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவிவிட்டுப் புதிய கிரீஸைச் சிறிதளவே வையுங்கள். நிறைய வைத்தால் சூட்டில் உருகி பிரஷ்களின் மேல் வழியும். துரு நீக்கும் ஸ்பிரேயை மோட்டாருக்குள் அடிப்பதும் இதே காரணத்தால் தவறு.

சுழலியின் மேல் பூசியிருக்கும் பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடிமனாக அடிக்க வேண்டாம். எடைச் சமநிலை கெடும். வெளி உடலுக்கு எந்த அழகும் செய்துகொள்ளுங்கள்.

மேசைச் சோதனை

சைரனை மேசையில் சும்மா வைத்தோ கையில் பிடித்துக்கொண்டோ சோதிக்கக் கூடாது. கிளம்பும் வேகத்தில் அது எதிர்த்திசையில் முறுக்கிக்கொண்டு துள்ளும். கனமான பலகையில் போல்ட் போட்டு, பலகையை வைஸில் இறுக்கி, கிரில்லைத் திரும்பப் பூட்டிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். காதடைப்பான் கட்டாயம், மூடிய கொட்டகைக்குள் ஒலி இன்னும் மோசமாக அறையும். முழுவதும் சார்ஜ் ஆன பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் கேபிளாலேயே இணைத்து, முதலில் ஒரு நொடி, பிறகு மூன்று நொடி, பிறகு பத்து நொடி என்று ஓட்டிப் பாருங்கள். குரல் தடங்கலின்றி மேலேறி ஒரே சுருதியில் நிற்க வேண்டும். அந்த உச்சச் சுருதியைக் கைப்பேசியில் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்றிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

எங்கே, எப்படி ஏற்றுவது?

மட்கார்டின் உள்பக்கப் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். பழைய பட்டியின் வட்டங்கள் தெரிந்தால் அசல் இடம் கிடைத்துவிட்டது. தெரியாவிட்டால் அட்டைப்பெட்டியைச் சைரனின் அளவுக்கு வெட்டி ஒட்டி, பானட் முழுவதும் திறக்கிறதா, முகப்பு விளக்கின் வெளிச்சம் மறைகிறதா, ஓட்டுநரின் இருக்கையிலிருந்து வலதுபுற ஓரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டரின் முன்னால் வைப்பது அழகாக இருக்கலாம். ஆனால் ஊர்வல வேகத்தில் எஞ்சின் சூடேறும்போது அந்த அழகுக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

மட்கார்டுத் தகடு தனியாக இந்த எடையைத் தாங்காது. குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் வளரும். அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடு ஒன்றைச் சைரனின் பாதத்தைவிட அகலமாக வெட்டி வைக்க வேண்டும். பெரிய சைரன் என்றால் அந்தத் தகட்டிலிருந்து சேசிஸ் வரைக்கும் ஒரு தாங்குகால் இறங்க வேண்டும். ஓட்டையிட்ட விளிம்புகளுக்குத் துருத் தடுப்பு பிரைமர் பூசி, தானே கழலாத நைலான் நட்டுகளைப் போடுங்கள். சைரனின் அடியிலுள்ள நீர் வடியும் துளை திறந்திருக்கிறதா, கீழ்நோக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயரிங்

முதலில் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள்.

கேபிளின் பருமனைக் கணக்குப் போட்டே முடிவுசெய்ய வேண்டும். பேட்டரியிலிருந்து சைரன் வரை 3 மீட்டர் ஓட்டம், 100 ஆம்பியர் இழுப்பு என்று கொள்வோம். அமெரிக்க அளவில் (எண் குறையக் குறையக் கம்பி பருமனாகும்) 8-ஆம் கேஜ் செப்புக் கம்பியில் அந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 0.6 வோல்ட் இழப்பாகும்; 2-ஆம் கேஜில் 0.15 வோல்ட்தான் போகும். 12 வோல்ட் வண்டிக்கு 0.6 என்பது இருபதில் ஒரு பங்கு, 6 வோல்ட் வண்டிக்கோ பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் 6 வோல்ட் டிரக்குகளின் அசல் பேட்டரிக் கேபிள்கள் விரல் தடிமனில் இருந்தன. 12 வோல்ட்டுக்கு 2-ஆம் கேஜும், 6 வோல்ட்டில் பெரிய சைரனுக்கு அதைவிடப் பருமனான ஒற்றைச் சுழியக் (1/0) கேஜும் போடுவது என் வழக்கம். கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையங்களான லக்குகளை அதற்குரிய கருவியால் நசுக்கி (கிரிம்ப் செய்து), சூட்டில் சுருங்கும் ஸ்லீவால் மூடுங்கள்.

கேபிள் பேட்டரியிலிருந்து புறப்பட்டதும், ஒரு அடிக்குள்ளாகவே ஃபியூஸ் வர வேண்டும். அது சைரனைக் காப்பதற்காக வைப்பதில்லை; கேபிளின் உறை தேய்ந்து சேசிஸில் பட்டால் வண்டி தீப்பிடிக்காமல் காப்பதற்காக வைப்பது. தீயணைப்பு வண்டியே தீப்பிடித்த கதையை ஊர் எளிதில் மறக்காது. கிளம்பும் நேர மின்னோட்டத்தைச் சற்றுப் பொறுத்து, அதே சமயம் கேபிளின் தாங்குதிறனைத் தாண்டாத அளவில் ஃபியூஸைத் தேர்ந்தெடுங்கள். அதற்கடுத்து, சாவியைக் கழற்றி எடுத்துப்போகக்கூடிய பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்றை வையுங்கள். கண்காட்சியில் நிற்கும் வண்டிக்குள் குழந்தைகள் ஏறினால் அவர்களின் கால் முதலில் தேடிப்போவது ஓட்டுநரின் காலடியில், மிதித்துச் சைரனை ஒலிப்பதற்காக உள்ள பித்தளைப் பொத்தானைத்தான். அந்த நேரத்தில் பானட்டின் அருகே யாராவது குனிந்திருந்தால் அவருடைய செவிக்கு ஆபத்து.

கட்-ஆஃப் சுவிட்சைக் கடந்ததும் சொலினாய்டு, அதாவது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் மின்காந்தச் சுவிட்ச். ஓட்டுநரின் காலடிப் பொத்தானிலிருந்து சொலினாய்டின் சிறிய முனைக்கு மெல்லிய ஒயர் போதும். தனித்துக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பழைய 6 வோல்ட் ஃபோர்டு சொலினாய்டில் பொத்தான் அந்தச் சிறிய முனையை எர்த் செய்யும், பிற்கால 12 வோல்ட் வகையில் பொத்தான் அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். சிறிய முனைக்கும் உலோக உடலுக்கும் இடையிலும், அதே முனைக்கும் பேட்டரி முனைக்கும் இடையிலும் மல்டிமீட்டரில் தடையை அளந்தால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். ஸ்டார்ட்டருக்கான சொலினாய்டு சில நொடிகளுக்கென்று செய்யப்பட்டது. நீண்ட நேரம் அழுத்திப்பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தொடர் பயன்பாட்டுக்கான வகையை வாங்க வேண்டும். சைரனில் மின் பிரேக் இருந்தால் அதற்குத் தனிப் பொத்தான் கொடுங்கள். பிரேக் இல்லாத பெரிய சைரன் பொத்தானை விட்ட பிறகும் வெகுநேரம் ஊளையிட்டுக்கொண்டே இருக்கும்.

இனி எர்த். நாங்கள் கோட்டைவிட்ட இடம் இதுதான். பெயின்ட் கீறக் கூடாது என்று சைரனின் பாதத்துக்கு அடியில் ரப்பர் ஷீட் வைத்து, போல்ட்டுகளுக்கும் ரப்பர் வாஷர் போட்டு, எர்த்தை மட்கார்டிலேயே ஒரு திருகில் பிடித்திருந்தோம். பொத்தானை மிதித்ததும் சைரன் கிளம்பியது, ஆனால் மேசையில் எட்டிய சுருதிக்கு மிகவும் கீழேயே நின்றுவிட்டது. பதிவை ஒலிக்கவிட்டுப் பார்த்தபோது வேறுபாடு காதுக்கே தெளிவாகத் தெரிந்தது. சைரனை ஓடவிட்டபடி அதன் உடலுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தோம். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆறு வோல்ட்டில் ஒன்றுக்கு மேல் போய்விட்டால் மோட்டார் என்ன செய்யும்? மட்கார்டு சேசிஸோடு சேரும் இடங்களிலெல்லாம் நாங்களே ஆசையாக அடித்த புதுப் பெயின்ட் மின்சாரத்தை மறித்துக்கொண்டிருந்தது. சைரனின் பாதத்திலிருந்து பேட்டரி வரை, மின்சாரம் கொண்டுபோகும் கேபிளுக்குச் சமமான பருமனில் ஒரு எர்த் கேபிளை நேரடியாக இழுத்தவுடன் பழைய குரல் திரும்பியது. ஆகவே சேசிஸை நம்பாமல் தொடக்கத்திலேயே இரண்டு கேபிள்களாக இழுத்துவிடுங்கள். சைரன் ஓடும்போது எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்தோ பெயின்டில் உட்கார்ந்தோ இருக்கிறது.

எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலைக் கேபிள் துளைக்கும் இடத்தில் ரப்பர் புஷ் வையுங்கள். புகைப்போக்கிக் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியே கேபிளைக் கொண்டுபோங்கள்.

ஓட்டும்போது

பழைய வண்டிகளில் சார்ஜ் செய்வது டைனமோ. எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது அது அனேகமாக எதையும் தராது; டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் கட்-அவுட் ரிலே திறந்தே கிடக்கும். அணிவகுப்பில் வண்டி நடைவேகத்தில் ஊர்வதும், கூட்டம் சைரனைக் கேட்பதும் ஒரே நேரத்தில் நடப்பதால், அன்றைய முழுச் செலவும் பேட்டரியின் தலையில்தான் விழும். 200 ஆம்பியர் இழுக்கும் சைரனை மொத்தம் ஐந்து நிமிடம் ஓட்டினால் ஏறத்தாழ 17 ஆம்பியர்-மணி கரைந்திருக்கும். அதன் பிறகு எஞ்சின் நின்றுபோனால் ஸ்டார்ட்டர் கைவிரிக்கும். பத்து நொடி ஏற்றி, பொத்தானை விட்டு, குரல் தானாக இறங்கிவந்ததும் மீண்டும் ஒரு மிதி என்று ஓட்டினால் செலவும் குறையும், கேட்பதற்கும் அதுவே நன்றாயிருக்கும். மேலே ஏறும் ஒலியைவிட இறங்கும் ஒலியில்தான் சுழல் சைரனின் அழகு இருக்கிறது என்பது என் கருத்து. மின்னணு சைரன்கள் அதைத்தான் போலி செய்ய முயல்கின்றன.

அணிவகுப்பு முடிந்ததும் ஃபியூஸ், சொலினாய்டு, லக்குகள் ஆகியவற்றின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். எது மற்றவற்றைவிடச் சுடுகிறதோ அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தும் முன் கட்-ஆஃப் சாவியை எடுத்துவிட்டு, சைரனின் முகத்தில் துணியுறை ஒன்றை நாடா வைத்துக் கட்டிவிடுங்கள். வசந்தத்தில் குளவிகள் இடம் தேடி வரும். உறை இருப்பதை நினைவூட்டும் சீட்டு ஒன்றை அந்தச் சாவியோடு சேர்த்தே கட்டித் தொங்கவிடுங்கள். எங்கள் முதல் உறை சுழலிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுக்க அரை நாள் ஆயிற்று.